பதினோராவது விரல்

நான்கு கடிதங்களிலும் மிரட்டல் என்று ஒரு வார்த்தை கிடையாது. வசவு கிடையாது, மண்டை ஓட்டுப் படம் கிடையாது. மரியாதையான கையெழுத்தில் ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருந்தது: 'சனிக்கிழமைக் கச்சேரியில் மூன்றாவது பாட்டை, ரெக்கார்டில் உள்ளது போலவே வாசியுங்கள். இரண்டாவது மணியை மறந்துவிடாதீர்கள்.' கீழே பெயர் இல்லை. உறைக்குள் விரல் நீளத்துக்கு வெட்டிய தடித்த அட்டைத் துண்டு ஒன்று. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

இதற்குப் போய் ஒரு மனிதர் நடுங்குவாரா? பியானோ மேதை இளங்கோவன் நடுங்கினார். புதன்கிழமை துப்பறியும் மாணிக்கவாசகத்தின் அறையில் உட்கார்ந்து, கொடுத்த டீயை மூன்று முறை எடுத்து மூன்று முறையும் குடிக்காமல் கீழே வைத்தார்.

"யார் எழுதறதுன்னு எனக்குத் தெரியணும். சனிக்கிழமைக்குள்ள அந்த ஆளோட வாயை அடைக்கணும். போலீஸ் வேண்டாம்."

போலீஸ் வேண்டாம் என்கிறவர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது மாணிக்கவாசகத்தின் இருபது வருட அனுபவம். மீதிப் பாதியை அவர் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும். உறைகளைத் திருப்பிப் பார்த்தார். நான்கிலும் தபால் முத்திரை அழுத்தமாக, கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி விழுந்திருந்தது. காஞ்சிபுரம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வெள்ளைச் சட்டையும் குடையுமாக மாணிக்கவாசகம். பின்னால் மடியில் ரெக்கார்டு பிளேயரைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு வந்ததில் கால் மரத்துப்போன உதவியாளன் அந்தோணி. ராயபுரத்துக்காரன், நாற்பது வயது. மவுண்ட் ரோடு கடை ஒன்றில் பத்து வருடம் பியானோவுக்குச் சுருதி சேர்த்துவிட்டுத் துப்பறிய வந்தவன். 'அங்க கம்பியை முறுக்கினேன், இங்க ஆளை முறுக்கறேன்' என்று வேலை மாறியதற்குக் காரணம் சொல்லுவான்.

"வாத்தியாரே, இந்த ஊருக்கு வர்றவங்க எல்லாம் சேலை வாங்க வர்றாங்க, சாமி கும்பிட வர்றாங்க. பியானோ தேடி வந்தது நாமதான்."

"பியானோ எங்கே இருக்கும்?"

"கன்னிமாருங்க நடத்தற கான்வென்ட் பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குது. அங்க ஒரு கிழட்டுப் பியானோ நிக்குதுன்னு பத்து வருஷத்துக்கு முன்னாலயே எனக்குத் தெரியும். சும்மா சுருதி சேர்த்துத் தர்றேன்னு சொன்னா எந்தக் கதவும் திறக்கும்."

கதவு திறந்தது. பள்ளிக்கூடத்து இசை அறையில் அந்தோணி நான்கு ரெக்கார்டுகளை மேஜைமேல் பரப்பினான். மூன்றில் ஒரே பாட்டு, சனிக்கிழமை நிகழ்ச்சியில் மூன்றாவதாக இருப்பது. அறுபது வருடங்களுக்கு முன் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியது. மழை விட்ட பிறகு ஒரு குளம், தூரத்தில் ஒரு மணி. ராகமும் தாளமுமாகக் கதை சொல்லாது. குளத்து வெளிச்சத்தை மட்டும் சத்தத்தால் காட்டும்.

"முதல்ல பாரிஸ் கிழவர் வாசிச்சது" என்று ஊசியை வைத்தான் அந்தோணி. "கேட்டீங்களா? பெடல்ல வச்ச காலை எடுக்கவே மாட்டார். ஒரு சுரம் போறதுக்குள்ள அடுத்தது வந்து அதுமேலயே கரையுது. குளம் இருக்குது, கரை தெரியல."

"எனக்கு ரேடியோ ஸ்டேஷன் சரியா விழாத மாதிரி இருக்குது."

"உங்க காது அப்படி. இது போலந்து அம்மா. ஒவ்வொரு துளியும் தனித்தனி. ரேஷன் கடையில அளக்கற மாதிரி சுத்தம். எத்தனை துளி விழுந்ததுன்னு கேட்டா ரசீதே குடுப்பாங்க."

"ரெண்டும் ஒரே பாட்டா?"

"ஒரே காகிதம், ஒரே சுரம். எழுதினவர் குளத்தைத்தான் எழுதினார். எங்க நின்னு பார்க்கணும்னு எழுதல. அது வாசிக்கிறவங்க பாடு. அதனாலதான் ரெண்டு பேர் வாசிச்சா ரெண்டு குளம்."

மூன்றாவதாக இளங்கோவனின் ரெக்கார்டு. போன வருடம் வெளிவந்து சென்னைப் பத்திரிகைகளைப் புகழ வைத்தது. இடது கை ஒரு மயிரிழை முன்னால் வந்தது, வலது கை அதற்குப் பின்னால் தயங்கி வந்தது. ஒவ்வொரு வரியும் முடிவதற்கு முன், ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டதுபோல் ஒரு சின்ன நிறுத்தம். இசைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்த மாணிக்கவாசகம், விசிறிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார்.

"நல்லா இருக்கே அந்தோணி."

"நல்லா இருக்குது. அதான் சந்தேகம்." நான்காவது ரெக்கார்டை வைத்தான். "இதுவும் இளங்கோவன்தான். அஞ்சு வருஷம் முன்னாடி வாசிச்ச வேற பாட்டு. வலது கையைக் கேளுங்க. அதட்டுது. கடன்காரன் கதவைத் தட்டற மாதிரி. அதுல கெஞ்சின கை இதுல இல்ல."

"மனுஷன் மாறக்கூடாதா?"

"மாறலாம். ஆனா இதையும் கேளுங்க. குளத்துப் பாட்டுல சத்தம் ஏறினா மொத்தமா ஏறுது, இறங்கினா மொத்தமா இறங்குது. ஒத்தை சுரம்கூடத் தனியா தலையைத் தூக்கல. பியானோவுல அப்படி வாசிக்கறது ரொம்பக் கஷ்டம். பேப்பர்ல இதைத் 'துறவியின் அடக்கம்'னு எழுதினாங்க. துறவியாவது, அடக்கமாவது."

"அந்த மணி?"

அந்தோணி பியானோவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து பாட்டுக் காகிதத்தை விரித்தான். அவன் முகத்திலிருந்து கேலி போயிருந்தது.

"இங்க பாருங்க. அடியில ஒரு மணி. இடது கை அதை அடிச்சிட்டு மேல ஓடிடணும். மேல ரெண்டு கைக்கும், பத்து விரலுக்கும் வேலை இருக்குது. மணி தானா கரையணும். பாரிஸ் கிழவரும் சரி, போலந்து அம்மாவும் சரி, அப்படித்தான் விட்டுடறாங்க. நம்ம ஆளு ரெக்கார்டுல அது பாதி கரையறப்போ இன்னொரு தடவை அடிக்குது. மெதுவா. அந்த ரெண்டாவது மணிக்காகவே இன்னொரு ஜென்மம் எடுக்கலாம்னு ஒரு விமர்சகர் எழுதினார்."

அடித்தான். இடது கை மேலே ஓடியது. மறுபடி கீழே பாய்ந்தது. மேலே மூன்று சுரம் செத்தது. இன்னொரு முறை முயன்றான். வலது கையை அனுப்பிப் பார்த்தான். கடைசியில் குனிந்தான்.

"என்னடா பண்றே?"

"மூக்கால அடிக்கலாமான்னு பார்த்தேன். எட்டல." நிமிர்ந்து உட்கார்ந்தான். "வாத்தியாரே, அந்த ரெண்டாவது மணியை அடிக்கப் பதினோரு விரல் வேணும். அன்னைக்கு அவர் டீ கிளாஸைத் தூக்கறப்போ நான் எண்ணினேன். பத்துதான் இருக்குது."

மாணிக்கவாசகம் பையிலிருந்து அட்டைத் துண்டை எடுத்தார். ஓட்டைகளை வெளிச்சத்தில் பார்த்தார். காஞ்சிபுரத்தில் இப்படி அட்டையில் ஓட்டை போடுவது எதற்காக என்று கேட்கத் தேவையே இல்லை. தெருவுக்குப் பத்துத் தறியின் தலையில் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருந்தது. எந்த இழை எப்போது மேலே எழும்ப வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குச் சொல்வது இந்த அட்டைதான். ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது.

"ஒரு ஓட்டையோட உதடு லேசா பிளந்திருக்கு, பாரு. எல்லா ஓட்டையிலும் அதே இடத்துல. பஞ்ச் முனை உடைஞ்சிருக்குது. அந்தப் பஞ்ச் யாரோடதோ, அவங்கதான் ஆள்."

பிள்ளையார்பாளையத்தில் அட்டை குத்துகிறவர்கள் நான்கு பேர். முதல் மூன்று பேரின் ஓட்டைகள் சுத்தமாக இருந்தன. நான்காவது ஆள் முனிரத்தினம். ஐம்பது வயது, தடித்த கண்ணாடி, காதில் பென்சில். அட்டைத் துண்டைக் காட்டியதும் அதைப் பார்க்காமலே, "நம்ம வேலை இல்லீங்க" என்றார். பார்க்காமல் சொன்னதை மாணிக்கவாசகம் கவனித்துக்கொண்டார்.

"போகட்டும். நான் வேற ஒரு டிசைன் கொண்டாந்திருக்கேன்" என்று அங்கே கிடந்த, கட்டம் போட்ட கிராப் காகிதத்தை இழுத்து, பென்சிலால் நேராக ஒரு நீளக் கோடு போட்டார். "இந்தக் கோடு. இவ்வளவுதான். அப்படியே குத்தித் தரணும். ஒரு கட்டம்கூட மாத்தக்கூடாது."

"இது என்னா டிசைன்?"

"எங்க சாருக்கு மூளை இப்படித்தான் நேரா ஓடும். அதை ஒரு சேலையில போட்டுக்கலாம்னு ஆசை" என்றான் அந்தோணி.

முனிரத்தினம் முணுமுணுத்துக்கொண்டே அட்டையைச் சட்டத்தில் மாட்டினார். பஞ்சை வைத்து மரச் சுத்தியால் தட்டினார். டக், டக், டக் என்று கை போன வேகத்தில் கண்ணுக்கு வேலையே இருக்கவில்லை. அட்டையை உதறி நீட்டினார். மாணிக்கவாசகம் ஓட்டையின் உதட்டைப் பார்த்தார். அதே பிளவு. ஆள் கிடைத்தாயிற்று.

ஆனால் அந்தோணி வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, நடுவுல ஒரு ஓட்டை காணோமே?"

"எங்க?"

"இதோ. கோடு பாதியில விட்டுப்போய் மறுபடி ஆரம்பிக்குது. மாத்தக்கூடாதுன்னு சொன்னாரே."

முனிரத்தினம் அட்டையை வாங்கிப் பார்த்தார். அவருக்கே ஆச்சரியம். "அட, கை தானா விட்டுடுச்சிபா. இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம். இவ்ளோ நீளத்துக்கு இழையை மெதக்க விட்டா, கட்டிக்கினு நடக்கறப்போ வளையல்ல மாட்டும், மெட்டியில மாட்டும். இழுத்துக்கினு வந்துடும். அதுக்குதான் நடுவுல ஒரு எடத்துல கட்டு போடறது. சின்னக் கோட்டுக்கு வேணாம். ரொம்ப நீளமாப் போனா, என்னைக் கேக்காமயே கை கட்டு போட்டுடும்."

அந்தோணி ரெக்கார்டு பிளேயரைப் பொத்தென்று தரையில் வைத்தான்.

"வாத்தியாரே! பியானோலா!"

"என்னது?"

"தானா வாசிக்கற பியானோ. காலால மிதிச்சாப் போதும், மிதிக்கு ஏத்த மாதிரி சத்தம் மொத்தமா ஏறும், மொத்தமா இறங்கும். உள்ளே ஒரு காகிதச் சுருள் ஓடும், அதுல ஓட்டை இருக்கிற எடத்துல கட்டை இறங்கும். சின்ன ஓட்டைன்னா சின்ன சுரம். நீள ஓட்டைன்னா சுரம் நிக்கும். அந்த நீள ஓட்டையை நடுவுல அறுத்துட்டா?"

"சுரம் நின்னுட்டு, மறுபடி அடிக்கும்."

"ரெண்டாவது மணி! மொத்தப் பாட்டுலயே நீளமான சுரம் அந்த மணி ஒண்ணுதான். இவரு அதுக்குக் கட்டு போட்டுட்டார். வளையல்ல மாட்டிக்கக் கூடாதுன்னு! இன்னொரு ஜென்மம் எடுக்க வைக்கிற மேதாவித்தனம் இந்தக் கையோடது!"

முனிரத்தினத்தின் முகம் இறுகிவிட்டது. பஞ்சைக் கீழே வைத்தார்.

"எளங்கோவன் அனுப்பினானா உங்களை?"

"ஆமாம். நீங்க அவர் ரெக்கார்டைக் கேட்டுச் சுருள் குத்தினீங்களா?" என்றார் மாணிக்கவாசகம்.

முனிரத்தினம் எழுந்து பரணிலிருந்து ஒரு கட்டுக் கிராப் காகிதத்தை இறக்கினார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தேதி. அறுபத்தி ஆறு ஆடியில் ஆரம்பித்து அறுபத்தி ஏழு தையில் முடிந்திருந்தது. ரெக்கார்டு வந்தது அறுபத்தி எட்டு கடைசியில்.

"நான் குத்தி ரெண்டு வருஷம் கழிச்சி வந்த ரெக்கார்டை நான் எப்டிபா கேக்கறது? என் சுருளைக் கேட்டது அவன். பியானோலா பொட்டியோட வாங்கிக்கினு போயி, மிதிச்சி மிதிச்சி ரெக்கார்டு பண்ணிக்கினு, தன் பேரைப் போட்டுக்கினான். அந்தம்மா பேர்ல கேஸ் கீஸுன்னு வந்தீங்க, பிள்ளையார்பாளையமே எழுந்து வரும். சொல்லிட்டேன்."

"எந்த அம்மா?" என்றார் மாணிக்கவாசகம் மெதுவாக.

சமணக் கோயில் இருக்கும் திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில், தென்னை சூழ்ந்த பழைய சமண வீடு. கதவைத் திறந்தவள் சுகுமாரி. முப்பத்தாறு வயது இருக்கும். முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. மேஜைமேல் கிராப் காகிதத்தில் பாதி வரைந்த சேலை டிசைன் கிடந்தது, பென்சில் இடது கையில் இருந்தது. கூடத்துச் சுவரோரம் தரையில் நீள்சதுரமாக ஓரிடம் மட்டும் வெளுத்திருந்தது. அங்கே கனமான ஏதோ ஒன்று பல வருடம் நின்றிருக்கிறது.

"வாங்க. பொழுது சாயறதுக்கு முன்னாலயே நாங்க சாப்பிட்டுடுவோம். உங்களுக்கும் எடுத்து வச்சிருக்கேன்."

"நாங்க வருவோம்னு தெரியுமா?"

"முனிரத்தினம் ஆள் அனுப்பினார். அவர் அனுப்பலன்னாலும் சனிக்கிழமைக்கு முன்னால யாராச்சும் வருவீங்கன்னு தெரியும்."

தட்டை வைத்தபோதுதான் மாணிக்கவாசகம் அவளுடைய வலது கையைப் பார்த்தார். கடைசி இரண்டு விரல்களும் மடங்காமல் விறைத்து நின்றன.

"புதுச்சேரியில" என்றாள் அவர் பார்வையைக் கண்டு. "ஐம்பத்தி ஒண்ணுல. பிரெஞ்சு மேடம்கிட்ட நானும் இளங்கோவனும் படிச்சோம். பரீட்சையில முதல்ல வர்றவங்களை அவங்க பாரிஸுக்கு அனுப்புவாங்க. நான்தான்னு எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். முந்தின நாள் நான் இந்தக் குளத்துப் பாட்டை வாசிச்சிக்கினு இருந்தேன். அவன் பக்கத்துல நின்னு பக்கம் திருப்பிக்கினு இருந்தான். மூடி விழுந்துது."

அந்தோணி சாப்பிடுவதை நிறுத்தினான். பியானோ மூடியின் கனம் அவன் கைக்குத் தெரியும்.

"தானா விழற மூடி இல்ல சார். தினமும் துடைச்சவ நான். மேடம் கேட்டப்போ, நான் அந்த ரூம்லயே இல்லன்னு சொன்னான். அவன் போனான். நான் இங்க வந்து கட்டம் போட்டுச் சேலைக்கு மயில் வரைஞ்சேன்."

"அந்தச் சுருள்?"

"எங்கப்பா ஒரு வெள்ளைக்காரர் ஏலத்துல வாங்கின பியானோலா அங்க நின்னுது. அதுக்கு இருந்த சுருளெல்லாம் டான்ஸ் பாட்டு. ஒருநாள் முனிரத்தினம் டிசைன் வாங்க வந்தவர் சுருளைப் பார்த்துட்டு, இது நம்ம அட்டைதானேம்மான்னார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. விரல்தானே போச்சு, காது இருக்குது, கணக்கு இருக்குது. நான் வாசிச்சிருந்தா எந்தச் சுரம் எவ்வளவு தயங்கும்னு கட்டம் கட்டமா எழுதினேன். அவர் குத்தினார். ஆறு மாசம். கடைசியில மிதிச்சி கேட்டேன். என் கை வாசிச்சுது சார். பதினஞ்சு வருஷம் கழிச்சி என் கையை நான் கேட்டேன்."

அவள் குரல் உடைந்தது. ஆனால் அது அழுகையில்லை, கோபம். பழசாகிக் கெட்டியான கோபம்.

"மணி ரெண்டு தடவை அடிச்சப்போ முனிரத்தினத்தைத் திட்டினேன். அந்த எடத்தை இன்னொரு தடவை குத்திடறேம்மான்னார். அதுக்குள்ள நான் மீதி விரலை வச்சிப் பார்த்தேன். மனுஷங்க யாராலயும் அதை வாசிக்க முடியாதுன்னு தெரிஞ்சுது. அப்படியே விடுங்கன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் வலை போட்டீங்க."

"கதவைத் திறந்து வச்சேன். மூணு வருஷமா பிரெஞ்சு ரெக்கார்டு போடப்போறேன்னு அவன் பேட்டி குடுத்துக்கினு இருந்தான். அந்த அதட்டற கையால அது வராது. செத்துப்போன வெள்ளைக்காரர் வீட்டுப் பியானோலா, அபூர்வமான பிரெஞ்சு சுருளோடன்னு முனிரத்தினம் பேர்ல இங்கிலீஷ் பேப்பர்ல விளம்பரம் குடுத்தேன். ஆளை அனுப்பி வாங்கிக்கினான். திருடுன்னு நான் சொல்லல. வாசிச்சவங்க யாருன்னு அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அங்கயே விட்டிருப்பேன்."

சுவரோரம் வெளுத்திருந்த தரையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அதைவிட ஒண்ணு இருக்குது சார். ஆறு வருஷம் பக்கத்துல உக்காந்து என் வாசிப்பைக் கேட்டவன் அவன். அந்தச் சுருளை எத்தனை தடவை ஓட்டியிருப்பான்? ஒரு தடவையாச்சும், இது சுகுமாரியாச்சேன்னு தோணியிருக்கணுமா வேணாமா? தோணவே இல்ல. அங்கதான் எனக்கு எரிஞ்சுது."

"உங்க மதத்துல மன்னிப்புதானே பெருசும்பாங்க" என்றான் அந்தோணி தயங்கி.

"பெருசுதான். வருஷா வருஷம் பர்வ நோன்பு முடியற நாள்ல எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேப்போம், எல்லாரையும் மன்னிப்போம். பதினெட்டு வருஷமா நானும் சொல்றேன். ஒரு பேரை மட்டும் விட்டுட்டு." ஒரு கணம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "எறும்பைக்கூட மிதிக்காத வீடு இது. அவனை நான் தொடவே இல்ல. நாளைக்கும் தொடப்போறதில்ல."

"உடம்பு சரியில்லன்னு அவர் கச்சேரியையே நிறுத்திட்டா?" என்றார் மாணிக்கவாசகம்.

"நாளைக்கு நிறுத்தலாம். அடுத்த மாசம் பாரிஸ்ல அதே பாட்டுக்கு நாள் குறிச்சிருக்குது. எத்தனை நாளைக்கு உடம்பு சரியில்லாம இருக்கும்? ரெண்டாவது மணிக்கு ஜென்மம் எடுக்கறேன்னு எழுதினாரே, அந்த விமர்சகருக்கும் ஒரு கடுதாசி போட்டிருக்கேன். ஒரே ஒரு கேள்வி. எந்த விரலால அடிக்கிறார்னு பக்கத்துல இருந்து பாருங்கன்னு."

மாணிக்கவாசகம் கை கழுவிவிட்டு வந்தார். அவருக்குத் தன் தொழிலில் ஒரு நேர்மை உண்டு. கேட்டவரிடம் கேட்டதைச் சொல்லியாக வேண்டும்.

"அம்மா, கடுதாசி எழுதினது யாருன்னு கண்டுபிடிக்கத்தான் அவர் என்னை வச்சார். நான் சொல்லித்தான் ஆகணும்."

அன்று முதல் முறையாகச் சுகுமாரி சிரித்தாள்.

"சொல்லுங்க சார். அதுக்குத்தானே தபால் ஆபீஸுக்கே போயி, முத்திரை நல்லாப் படியணும்னு நின்னு குத்த வச்சேன்? அட்டையை வெட்டி உள்ளே வச்சேன்? என் பேரைக் கீழே எழுதியிருந்தா கிழிச்சிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குவான். யாரு யாருன்னு தவிச்சி, ஆளை அனுப்பி, அந்த ஆள் வாயால கேக்கணும் அவன். மேடை ஏறறதுக்கு முந்தின நாள். என் கையை ஒடிச்ச மாதிரியே, முந்தின நாள்."

வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகுதான் அந்தோணி வாயைத் திறந்தான்.

"வாத்தியாரே, அந்தம்மா எத்தனை கடுதாசி போட்டாங்க?"

"நாலு."

"அஞ்சு. அஞ்சாவது நீங்கதான். தபால்தலைகூட ஒட்டாம அனுப்பறாங்க."

இருபது வருடத்தில் மாணிக்கவாசகத்தை இப்படி யாரும் பயன்படுத்தியதில்லை. கோபம் வரவேண்டும் என்று பார்த்தார், வரவில்லை. வந்த கோபமெல்லாம் சென்னையில் டீயைக் குடிக்காமல் கீழே வைத்த ஆளின் பக்கமே போயிற்று.

பொழுது இன்னும் சாய்ந்திருக்கவில்லை. தபால் நிலையத்தில் சென்னைக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தார்கள். அரை மணியில் இணைப்பு கிடைத்தது.

"கண்டுபிடிச்சீங்களா?" இளங்கோவனின் குரல் பறந்தது.

"கண்டுபிடிச்சாச்சு. இனிமே கடுதாசி வராது."

"அப்பாடா! யார் சார் அந்த அயோக்கியன்?"

"காஞ்சிபுரத்துல ஒரு அம்மா. சேலைக்கு டிசைன் போடறவங்க. முன்னே ஒரு காலத்துல புதுச்சேரியில இருந்தாங்களாம்."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. மாணிக்கவாசகம் பேசாமல் காத்திருந்தார். இந்த மாதிரி இடத்தில் பேசாமல் இருப்பதுதான் அவர் வேலை.

"சார்" என்றது குரல். அதில் மேதை யாரும் இல்லை. "சார், அந்த மூடி… நான் வேணும்னு பண்ணல. கை வழுக்கிடுச்சு."

"நீங்க அந்த ரூம்லயே இல்லன்னுதான் அப்போ சொன்னீங்களாம்."

அந்தோணி பக்கத்தில் வந்து ரிசீவருக்குள் குனிந்தான்.

"சார், நான் அந்தோணி. ஒரு சின்ன சந்தேகம். இன்னைக்கு முழுக்க அந்த ரெண்டாவது மணியை அடிச்சிப் பார்த்தேன். ஒரு விரல் குறையுது. நாளைக்கு நீங்க வாசிக்கறப்போ பக்கத்துல நின்னு பக்கம் திருப்பட்டுமா? கத்துக்கலாம்னு."

மாணிக்கவாசகம் ரிசீவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகவரியில் உள்ளவரிடம் கடிதத்தை முழுசாகக் கொடுத்துவிட வேண்டும்.

"நாளைக்கு அவங்க வர்றாங்க மிஸ்டர் இளங்கோவன். முதல் வரிசை, இடது பக்க ஓரம். உங்க கை நல்லாத் தெரியற இடம்."

"வரவேண்டாம்னு சொல்லுங்க சார். என்ன கேட்டாலும் தர்றேன்னு சொல்லுங்க. அவ… அவ கை இப்போ எப்படி இருக்கு?"

"ரெண்டு விரல் மடங்காது. ஆனா நீங்க வாசிச்சு முடிச்சதும் கைதட்டறதுக்கு எட்டு விரல் போதும்னு சொல்லச் சொன்னாங்க."